நெற்றிக்கு வந்து சேராத நிறம்

“ஏட்டி, பூவை முன்னாடி இழுத்து விடு. அந்த வெள்ளை முடி தெரியுது பாரு!” அடுப்படியில் வேலுத்தாய் கிசுகிசுத்தாள்.

“தெரியட்டும்மா” என்றாள் மகள் பாண்டிச்செல்வி.

பிறந்ததிலிருந்தே அவள் நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி வெள்ளை. அதைப் பார்த்துத்தான் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் காப்பியோடு எழுந்து போனார்கள். அவளோ பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். இன்று பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதையும் மறைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

முன்னறையில் வந்தவர்கள் காத்திருந்தார்கள். “நான் முருகம்மாள், இது சூர்யபிரகாஷ்” என்று அந்த அம்மாள் வாசலில் சொன்னதோடு சரி. மேலே பேசவிடாமல் வேலுத்தாய் இருவரையும் உட்காரவைத்துக் கையில் கேசரித் தட்டைத் திணித்துவிட்டாள். அவன் இப்போது இரண்டாவது தட்டில் இருந்தான்.

“உக்காரும்மா. வயசு எம்புட்டு?” என்றாள் முருகம்மாள்.

“இருபத்தெட்டு.”

“படிப்பு?”

“எம்.எஸ்ஸி., பி.எட்.”

“வீடு சொந்தமா?”

“சொந்தந்தான்! மூணு ரூமு, பைக்கு ஒண்ணு” என்று வேலுத்தாய் முந்திக்கொண்டாள்.

“உடம்புல எதும் குறை உண்டா?”

வேலுத்தாய் அவசரமாக மகளின் பூவை முன்னால் இழுத்துவிடப் போனாள். பாண்டிச்செல்வி பூவை ஒதுக்கி முடியைக் காட்டினாள்.

“இது குறையில்லைங்க. கரு வளரும்போது, நிறம் குடுக்கிற செல்லுக முதுகுப் பக்கம் உருவாகி, தோலுக்கடியிலே ஊர்ந்து உடம்பு பூரா போகும். அதுக்கு ‘கிட்’னு ஒரு ஜீன் வேணும். எனக்கு அந்த ஜீன்ல ஒரு சின்ன மாத்தம். அதனால கொஞ்சம் செல்லுக நெத்திக்கு வந்து சேரல. அம்புட்டுதான். தொத்தாது. பொறக்கிற பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

சூர்யபிரகாஷ் கரண்டியை நிறுத்தினான். “நெத்திக்கு வர்ற பஸ்ஸைத் தவற விட்ருச்சாக்கும்!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் இதைக் கேட்டு முகம் சுளிக்காத முதல் ஆண்பிள்ளை!

“நல்லாத்தானே இருக்கு” என்றான் அவன். பாண்டிச்செல்வி தரையைப் பார்த்தாள். வேலுத்தாய் மனசுக்குள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள்.

“எம்புட்டு விவரமாச் சொல்லுது பிள்ளை!” என்று முருகம்மாள் வியந்தாள். “இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்.”

“தாராளமாக் கேளுங்க மைனி!”

முருகம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“உனக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா? சென்சஸ்ல அதையும் ஏத்தணும். எனக்கும் இந்தத் தம்பிக்கும் இந்தத் தெருவுலயே இன்னும் நாப்பது வீடு கிடக்கு.”