துரை வெளியே சாப்பிடுகிறார்

"துரைக்கு வெளிய ஒருத்தி இருக்கா டாக்டர். எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுக்கு வந்தா வாயில மீன் வாசம். நான் மீனே வாங்கறதில்ல!"

தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மருத்துவர் துரையின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். துரை மேசைமேல் வாலைச் சுருட்டிக்கொண்டு, இதெல்லாம் வேறு ஏதோ பூனையைப் பற்றிய பேச்சு என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"நூல் ஏதாவது நாக்குக்கு அடியில சுத்தியிருக்கான்னு பார்த்தேன். தையல் வேலை நடக்கற வீட்டுல அதான் பெரிய பயம். முழுங்கிக் குடல்ல சிக்கினா உயிருக்கே ஆபத்து."

"என் வீட்டுத் தரையில ஒரு துண்டு நூல் கிடக்காது டாக்டர்."

"சரி, வாந்தியில என்ன வருது? நுரையா, முடி உருண்டையா, சாப்பாடா?"

"சாப்பாடுதான். தின்னு அஞ்சே நிமிஷத்துல, போட்டது போட்டபடி வெளிய வந்துடுது."

மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நோய் எதுவும் தெரியல. செரிக்காம அப்படியே வந்தா, ஒண்ணு அவசரமா விழுங்கியிருக்கணும். இல்ல, நிறைஞ்ச வயித்துல மறுபடி திணிச்சிருக்கணும். நீங்க எவ்வளவு போடுறீங்க?"

அவள் தலை குனிந்தாள். மீன் வாசம் அடித்த நாளிலிருந்து தட்டில் தினமும் ஒரு பிடி கூடிக்கொண்டே வந்திருந்தது. எவளோ ஒன்று போட்டால் நான் இரண்டு போடுகிறேன் என்ற வீம்புதான்.

"ராத்திரி வீட்டுலதான் தூங்கறானா?"

"எந்தப் பூனை டாக்டர் ராத்திரி வீட்டுல தங்கும்? பொழுது சாஞ்சா கிளம்பிடுவார். காலையில நான் மெஷின்ல உட்காரறதுக்குள்ள ஜன்னல்ல வந்து நிப்பார்."

மருத்துவர் சிரித்துவிட்டார். "அப்ப துரை எங்கேயோ சின்ன வீடு வச்சிருக்கான்! கண்டுபிடிச்சு, அங்க போடறத நிறுத்தச் சொல்லுங்க. நீங்களும் அளவாப் பிரிச்சுப் போடுங்க, வாந்தி நின்னுடும். ரத்தம் கித்தம் வந்தாலோ, சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வீடு என்ற சொல் அவளுக்குப் பழைய புண். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கட்டினவன் அப்படி ஒரு வீட்டுக்குப் போனவன்தான், திரும்பவே இல்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு விட்டுக்கொடுத்தாள். போன வருஷம் துரை ஜன்னல் வழியாக வந்து துணிக்குவியலில் படுத்த பிறகுதான் அந்த வீட்டில் மறுபடி பேச்சுக் குரல் கேட்டது. இவரையும் இன்னொருத்திக்குத் தாரை வார்க்க அவள் தயாராக இல்லை.

மறுநாளே சிவப்புத் துணியில் கழுத்துப்பட்டை தைத்துக் கட்டினாள். இவருக்கு உரிமைக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று அந்த மீன்காரிக்குத் தெரியட்டும்! அடுத்த நாள் காலை துரை வெறுங்கழுத்தோடு வந்தார். மஞ்சளில் ஒன்று தைத்துக் கட்டினாள். அதையும் காணோம்.

"கழட்டிட்டாளா? அவ்வளவு திமிரா அவளுக்கு?"

அன்று மாலை, பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு துரையின் பின்னால் நடந்தாள்.

மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்ல முடியாது என்பார்கள். துரை கொஞ்சமும் யோசிக்கவில்லை. இரண்டு தெரு தாண்டி, ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் குதித்து, அதிகாரமாகக் குரல் கொடுத்தார்.

கதவைத் திறந்தவள் தையல்காரம்மாவைவிடச் சின்னவள். அதுவே பாதி எரிச்சலைக் கிளப்பியது. துரை அவள் காலில் ஓர் உரசு உரசிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

"யாரு வேணும்?"

"மீனைப் போட்டு மயக்கறது நீதானா? தினம் வாந்தி எடுத்து என் துரை பாதியாப் போயிட்டார். டாக்டரே சொல்லிட்டார், ரெண்டு இடத்துல திங்கறதால வந்த வினைன்னு. அடுத்தவ வீட்டுப் பூனைய இப்படி வளைச்சுப் போடறியே, வெட்கமா இல்ல?"

அந்தப் பெண் துரை போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இங்கயும் ஒரு மாசமா வாந்திதான்" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் தையல்காரம்மா உள்ளே பார்த்தாள். சுவரோரம் ஒரு தட்டு, அதைச் சுற்றிப் பழைய பேப்பர் விரித்திருந்தது, தன் வீட்டில் விரிப்பதுபோலவே. மேலே சுவரில் ஒரு படம். கண் திறக்காத குட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்து, இதே பெண் சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். குட்டியின் நெற்றியில் துரைக்கு இருக்கும் அதே வெள்ளைத் திட்டு.

படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு சிவப்புப் பட்டையும் ஒரு மஞ்சள் பட்டையும் தொங்கின.

அந்தப் பெண்ணின் பார்வையும் பட்டைகளுக்குப் போய், அங்கிருந்து தையல்காரம்மாவின் கழுத்தில் கிடந்த அளவு நாடாவுக்கு வந்து நின்றது. அவள் முகம் மெல்லக் கடுத்தது.

"இவனுக்கு வெளிய ஒருத்தி இருக்கான்னு எங்க அக்கா அப்பவே சொன்னா, நான்தான் நம்பல. அந்தச் சின்ன வீடு நீங்கதானா?"