இளகும் கன்னம்

தீயில் கருகிய சொர்ணமதியின் இடக்கன்னத்தில் போன மாதம்தான் புதுவகைச் செயற்கைத்தோல் ஒட்டியிருந்தார்கள். உப்புநீர் பட்டால் அது இளகும், காயும்போது அழுந்திய வடிவிலேயே இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அவளுக்குக் கல்யாணம் முடிந்து, புருஷன் வீட்டுக்குக் கார் ஏறும் நேரம் வந்தது.

"அழுதுராதட்டி, கன்னம் கெட்டுப்போவும்" என்ற அம்மாவே முதலில் அழுதாள். மகளும் அடக்க முடியாமல் அழ, நனைந்த கன்னத்தை அம்மா உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

வெள்ளை வெளேரென்ற உப்பளங்கள் கனவில் வருவதுபோல் காருக்குப் பின்னால் நழுவின. காற்றில் கன்னம் காய்ந்தது. சொர்ணமதி கண்ணாடியில் பார்த்தாள். அம்மாவின் நான்கு விரல்களும் அங்கே பதிந்திருந்தன.

"நாளைக்கே ஆஸ்பத்திரியில சரிபண்ணிருவோம்" என்றான் புருஷன் வேலாயுதம்.

"வேண்டாங்க. இது அழியாம இருக்கணும். இனி நீங்கதான் என்னை அழவிடாமப் பாத்துக்கிடணும்."