சாப்பிட்டியா?

மாதம் தவறாமல் அமெரிக்காவிலிருந்து வரும் மார்லாவின் போன் அன்று காலையும் வந்தது. கொரியாவில், தேகு நகரத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த வெஸ்லி அந்த ஊர்க்காரர்களைப் போலவே ஆரம்பித்தான்.

“சாப்பிட்டியா மார்லா?”

“நாலு வருஷமா ஹலோவுக்குப் பதிலா இதையேதான் கேக்கற. நீ சாப்பிட்டியா?”

“சோறும் கிம்ச்சியும்.”

“வாயக் கட்டி வயித்தக் கட்டினது வீண் போகல. உன் படிப்புக் கடன் இன்னியோட தீர்ந்துது.”

“அப்ப இந்த வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துடறேன். வேற தொழில் ஏதாவது பாக்கணும். நீ எப்பவும் போல போன் பண்ணுவல்ல?”

“கடன் தீர்ந்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணினா பேங்க்ல எனக்குச் சம்பளம் தர மாட்டாங்க வெஸ்லி.”

பிறகு அவளே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“உன் இடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்களா? எனக்கும் படிப்புக் கடன் இருக்கு.”

மூன்று மாதம் கழித்து, தேகுவில் வெஸ்லியின் பழைய வகுப்பறையில் மார்லா போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவிலிருந்து போன் வந்தது.

“சாப்பிட்டீங்களா மேடம்? பேங்க்லேர்ந்து வெஸ்லி பேசறேன். இந்த மாசத் தவணை இன்னும் வரல.”