இரண்டாவது கதவு

ஒரு கதவுக்காக ஒரு மனிதரை நான்கு முறை நடையாய் நடக்க விட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வந்தவர் வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டட ஆய்வாளரின் அறை வாசலில் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார்.

புது ஹால் கட்டி முடித்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு, நானூறு பேருக்கு அழைப்பிதழும் போய்விட்டது. ஆய்வாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"முன்னெல்லாம் இப்படியா சார்?" பியூன் பக்கத்தில் வந்து நின்று புலம்பினார். "இடத்தைப் போய்ப் பார்க்கவே மாட்டார். உக்காந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார், வர்றவங்களும் சிரிச்ச முகமா போவாங்க. இப்ப டேப்பைத் தூக்கிட்டுப் போய் சுவர் சுவரா அளக்குறார்."

வந்தவர் வரைபடச் சுருளை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆறு மாசம் முன்னாடி யாரோ ஒரு புண்ணியவான் ஞானஸ்நானம்னு அவரை ஆத்துல முக்கி எடுத்தாராம். அன்னையிலருந்து இந்தக் கூத்துதான். திட்டு மட்டும் எனக்கு."

வந்தவருக்கு இருமல் வந்தது. நல்ல வேளை, உள்ளே மணி அடித்தது.

ஆய்வாளர் வரைபடத்தை மேசைமேல் விரித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் மாறலையேங்க ஐயா. அதே ஒத்தக் கதவு. பின்பக்கம் இன்னொண்ணு வேணும்னு போன தடவையே சொன்னேனே."

"சுவரை இடிச்சு வைக்க மூணு வாரம் ஆகும்ங்கறார் கொத்தனார். நீங்க கையெழுத்தைப் போடுங்க. திறப்பு முடிஞ்ச மறுநாளே வச்சிடுறேன்."

"நானூறு பேர் உள்ள இருக்கும்போது தீப்பிடிச்சா?"

"ஞாயித்துக்கிழமைதான் வருவேன்னு தீ சொல்லிட்டா வரும்?"

"சொல்லாம வர்றதாலதான் கேக்குறேன்."

வந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்றால், அழைத்த நானூறு பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

"மூணு தெரு தள்ளி ஒரு தியேட்டர் இருக்கே, அதுக்கு எத்தனை கதவு?"

"ஒண்ணுதான்."

"கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான், பார்க்காமலே போட்டேன். அதை நினைச்சா இப்பவும் சோறு இறங்க மாட்டேங்குது. நேத்துதான் அவங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பினேன்."

"எனக்காக ஒரே ஒரு தடவை. இனி வாழ்நாள்ல கேக்க மாட்டேன்."

ஆய்வாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதைப் பார்த்ததும் வந்தவருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று.

"இதுக்கு நீங்க பழைய ஆளாவே இருந்திருக்கலாம்!"

ஆய்வாளர் எழுந்து, வரைபடத்தைச் சுருட்டி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

"பழைய ஆளு தண்ணியோட போயிட்டான்னு, என்னை முக்கி எடுத்தப்போ சொன்னது நீங்கதானே, பாஸ்டர்?"