நொந்து நூலானவர் கோப்பை

"நாய் என் பேன்ட்டைக் கவ்விக்கிட்டு விடவே இல்லைங்க. இந்தா பாருங்க!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து திரும்பி நின்று கிழிசலைக் காட்டியதும், நனைந்த கூடாரங்களுக்கு நடுவே சிரிப்பு வெடித்தது. பேக்கரிக்காரருக்கு டீ புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

வெல்டர் அக்காவும் சிரித்தாள். ஆனால் மனசு சிரிப்பில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, இன்னும் கொஞ்ச நேரத்தில் முகாம் கலைந்துவிடும். இந்த முறை கலைந்தால் கலைந்ததுதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை பைக்கில் வந்து, கூடாரம் போட்டுத் தங்கிப் போகும் இந்த ராலியை ஆரம்பித்தவளே அவள்தான். ஒரு காலத்தில் கூடாரம் அடிக்க இடம் கிடைக்காமல் சண்டையே நடக்கும். இப்போது வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதிப் பேருக்கு முட்டிவலி.

"மழையில நனைஞ்சு, தரையில படுத்து, சளி பிடிச்சு வர்ற. இதுல உனக்கு என்னதான் கிடைக்குது?" என்று அவள் கிளம்பும்போது கணவர் கேட்டார். குத்தலாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் வலித்தது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இதோடு நிறுத்திவிடலாம் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. வழியில் படாத பாடு பட்டு வந்து சேர்ந்தவருக்கு முகாமில் ஒரு பரிசு உண்டு. வளைந்துபோன சைலன்சர் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அடியில் தகடு பற்றவைத்து அவளே செய்தது. பெயர் 'நொந்து நூலானவர் கோப்பை'. ஜெயித்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, அடுத்த வருஷம் தானே சுமந்துவந்து அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும்.

பேக்கரிக்காரரின் டென்ட் காற்றில் பறந்து, ஓடுகிற லாரி மேல் உட்கார்ந்து ஊரைவிட்டே போயிருந்தது. கோப்பை அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோதுதான் புது ஆளான இந்தக் கண்ணாடிக் கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"நாயைப் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சுட்டுக் கிளம்பினேன். அது சங்கிலியை அறுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடி வருது. திரும்பக் கொண்டுபோய் விட்டேன். மறுபடியும் வந்துடுச்சு. கடைசியில அவங்க வீட்டுக்குள்ளயே வச்சுக் கதவைச் சாத்திட்டு வந்தா, மழை. அப்புறம் பஞ்சர். அதை ஒட்டிக்கிட்டு வந்தா, அணை ரோட்டுல செயின் அறுந்துடுச்சு."

"அங்கதான் நான் பிடிச்சேன்" என்றார் வால். வால் என்பது பட்டப்பெயர். எல்லோருக்கும் பின்னால் வந்து, வழியில் நின்றுபோன பைக்குகளைக் கூட்டி வருவது அவர் பொறுப்பு. "ஏதோ சொல்ல வந்தாரு. எதுவா இருந்தாலும் முகாம்ல போய்ப் பேசிக்கலாம்னு கயிறைக் கட்டி இழுத்துட்டு வந்துட்டேன். முகாமைத் தாண்டினா அந்த ரோட்டுல அணையைத் தவிர வேற என்ன இருக்கு? அங்க நிக்கிற பைக் நம்ம பைக்தான்!"

"டென்ட் இல்ல, பை இல்ல, மாத்துத்துணி இல்ல. ராத்திரி என் போர்வையில பாதியை இழுத்துக்கிட்டாரு" என்றார் பேக்கரிக்காரர். "கோப்பையை அவருக்கே கொடுங்கப்பா. நான் தோத்துட்டேன்."

கைதட்டலோடு கோப்பை கை மாறியது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் நானே கொண்டு வரணுமா?"

"நீங்களேதான். கொரியர்ல எல்லாம் அனுப்பக் கூடாது" என்றார் வால்.

"கண்டிப்பா நானேதானா?"

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. வெல்டர் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அது வேணாங்க. நீங்களே வச்சுக்கோங்க. அடுத்த வருஷம் ராலி கிடையாது, இதுதான் கடைசி."

யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. பேக்கரிக்காரர் டம்ளரைப் பார்த்தார், வால் வானத்தைப் பார்த்தார். பிறகு ஆளாளுக்கு எழுந்துபோய் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் சைலன்சரை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார்.

"அக்கா, கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?"

"யோசிச்சாச்சுங்க. செயினை மாட்டிட்டாரா வால்?"

"மாட்டிட்டாரு."

"அப்புறம் என்ன? நேரா வீட்டுக்குப் போங்க. நாய் தேடும்."

அவர் போகவில்லை. அணை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வால் அண்ணன் ஆள் தெரியாமக் கூட்டிட்டு வந்துட்டாருக்கா. இங்க ராலி நடக்குதுன்னே எனக்குத் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல கூத்து! அப்போ கையில ஒரு பைகூட இல்லாம, அந்த மழையில அணைக்கு எதுக்குங்க போனீங்க?"

அவர் கோப்பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். பாதி பிடுங்கிய முளையோடு அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"திரும்பி வர்றதுக்குக் கிளம்பலக்கா. அடுத்த வருஷம் இதை நான் கொண்டு வந்தே ஆகணும்னு சொல்லுங்க."