நாலும் ஒரே படத்தில்

"நாலும் ஒரே படத்திலை வரோணும், பிள்ளை. ஒண்டு குறைஞ்சாலும் சரிவராது."

இராசலட்சுமி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். கஜந்தி தலையாட்டிக்கொண்டே கமராவில் விழுந்த பனித்துகளைத் துடைத்தாள். பிராண்டே என்ற அந்தக் குளிர்நாட்டு ஊரில் தமிழர் வீட்டுக் கலியாணம், சாமத்தியச் சடங்கு என்றால் அவள்தான் படம் எடுப்பாள். நாய்களைப் படம் எடுக்க ஒருவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஊருக்கு வெளியே, நாய்களை அவிழ்த்து விளையாட விடுகிற காட்டோரத் திடல். கணுக்கால் புதையப் பனி கொட்டிக் கிடந்தது. மூன்று நாய்கள் ஒன்றையொன்று துரத்திப் பனியை வாரி இறைத்தன. நான்காவது பாம்ஸே. கிழட்டு நாய். பழைய துணிப் பொம்மையொன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் குந்தியிருந்து மற்றவை ஆடும் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விக்கோ என்ற கறுப்பு நாய் கிட்ட ஓடிவந்ததும் இராசலட்சுமி சட்டென்று கஜந்திக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அன்ரி, உங்களுக்கு நாயெண்டால் பயமோ?"

"பயமோ? கிட்ட வந்தாலே நெஞ்சு படபடக்கும். ஏழு மாசமாச்சு, இன்னும் பழகேல்லை."

"அப்ப ஏன் நாலு வைச்சிருக்கிறியள்?"

"என்ரை இல்லை. அவன் வளர்த்தது. நான் எடுக்காட்டி நாலையும் நாலு வீட்டுக்குப் பிரிச்சுக் குடுத்திருப்பாங்கள். அவன் வாற வரைக்கும் நான்தான் பாக்கிறன்."

தூரத்தில் இருக்கிற மகனாக்கும் என்று கஜந்தி நினைத்துக்கொண்டாள்.

"படத்தை அவருக்கு ஃபோனிலையே அனுப்பிவிடுறன், அன்ரி."

"வேண்டாம். கடுதாசியிலை அடிச்சுத் தா. அவனிட்டை ஃபோன் இல்லை." இராசலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "போன முறை நானே ஒரு படம் எடுத்து அனுப்பினனான். அண்டைக்குப் பாம்ஸேக்குக் காலிலை நோ, வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். படத்திலை மூண்டுதான் நிண்டது. பாம்ஸே செத்துப்போச்சு, நான் மறைக்கிறன் எண்டு நினைச்சிட்டான். அதுக்குப் பிறகு சாப்பாடே இறங்குதில்லையாம். அங்கையிருக்கிற பாதிரியார் ஃபோன் எடுத்துச் சொன்னவர்."

ஃபோன் இல்லை, பாதிரியார், சாப்பாடு இறங்கவில்லை. ஏதோ பெரிய வருத்தக்காரன், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் போலிருக்கிறது. கஜந்திக்கு மனம் இளகிப்போனது. இந்தப் படத்தை எப்படியும் எடுத்துக் கொடுத்துவிடவேண்டும் என்று நினைத்தாள்.

"நீங்களும் நடுவிலை நில்லுங்கோ, அன்ரி. உங்களையும் கண்டால் அவருக்குச் சந்தோசமாயிருக்கும்."

"ஐயோ, வேண்டாம்!" இராசலட்சுமி பதறினாள். "என்ரை முகம் வரவே படாது. என்னைக் கண்டால் அவன் உடைஞ்சுபோவான்."

கஜந்தி கமராவைத் திரும்பக் கண்ணில் வைத்தாள். தாய்க்கும் மகனுக்கும் நடுவே ஆயிரம் இருக்கும்.

ஒரு மணித்தியாலம் போனது. பந்து எறிந்தார்கள், மூன்று ஓடின. பிஸ்கற் காட்டினார்கள், மூன்று பாய்ந்தன. பாம்ஸே கொட்டாவி விட்டது. நேரம் மூன்று மணி ஆகிக்கொண்டிருந்தது. குளிர்கால நாள்; இன்னும் கொஞ்சத்தில் வெளிச்சம் போய்விடும்.

"சும்மா குந்தியிருக்கிற மாதிரி நாலையும் எடுத்துவிடட்டோ?"

"இருந்தால் வருத்தம் எண்டு நினைப்பான். ஓடோணும், பிள்ளை. ஓடினால்தான் நம்புவான்."

இராசலட்சுமி வேலிப்பக்கம் பார்த்தாள். பிறகு கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்தாள். நேரே பாம்ஸேயிடம் போய், அதன் காலடியில் கிடந்த துணிப் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு, "வா பாப்பம்! வா!" என்று கத்தியபடி ஓடத் தொடங்கினாள்.

ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் நோவு. தொப்பி ஒருபக்கம் பறந்தது. ஒருகணம் நான்கு நாய்களும் திகைத்து நின்றன. மறுகணம் நான்கும் அவளைத் துரத்தின. பாம்ஸே கூடக் காதுகள் பறக்கப் பறக்க ஓடியது. கஜந்தி விரலை எடுக்காமல் அமத்திக்கொண்டே இருந்தாள். இராசலட்சுமி கால் இடறிப் பனிக்குள் விழுந்தாள். நான்கும் அவள்மேல் ஏறி விழுந்து முகத்தை நக்கின.

"அன்ரி!" என்று கஜந்தி ஓடினாள். பனிக்குள் கிடந்த இராசலட்சுமி மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கமராத் திரையில் படங்களைத் தேடினார்கள். ஒன்றில் வால் மட்டும். ஒன்றில் மூன்று. ஒரேயொரு படத்தில்தான் நான்கும் கால்கள் நிலத்தில் படாமல் பாய்ந்தன. அவற்றுக்கு நடுவே இராசலட்சுமி வாய் நிறையச் சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தாள்.

"இது மட்டும்தான் சரியா வந்திருக்கு. ஆனால் உங்கடை முகம் முழுசாத் தெரியுது. உங்களை வெட்டினால் பாம்ஸேயும் போயிடும்."

இராசலட்சுமி அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படிச் சிரிக்கிறது தான்தானா என்று நம்ப முடியாதவள்போல.

"சரி. இதையே அடி."

"முகம் வரப்படாது எண்டியள்?"

"பரவாயில்லை. வெள்ளிக்கிழமைக்குள்ளை நீ தந்தியெண்டால் பாதிரியாரிட்டைக் குடுத்துவிடுவன். சிறைக்குத் தபாலிலை போனால் நாள் எடுக்கும்."

 கஜந்தி கமராவைத் தாழ்த்தினாள்.

"உங்கடை மகன் சிறையிலையோ, அன்ரி?"

"எனக்கு மகன் இல்லை, பிள்ளை." இராசலட்சுமி குனிந்து, பாம்ஸேயின் முதுகில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "இவன் போன விண்டரிலை கண்மண் தெரியாமல் கார் ஓடி, என்ரை மனுசனைச் சாக்காட்டினவன். வழக்கு நடந்த கோட்டிலை அவன் கண்டது நான் அழுத முகத்தை மட்டும்தான்."