மூன்று மாதப் பாடம்

கூண்டில் நின்ற தம்பி பதில் சொல்லச் சொல்ல, அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"வக்கீல்னா யாருப்பா?" என்றார் நீதிபதி.

"எனக்காகப் பேசுறவர்."

"நான் யாரு?"

"தீர்ப்பு சொல்றவர்."

"உன் மேல என்ன வழக்கு?"

"கிடங்குக்குத் தீ வச்சேன்னு."

அவனை விசாரணைக்குத் தயாராக்க மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றிய டாக்டர், சொன்ன விலைக்கே சரக்கைத் தள்ளிவிட்ட வியாபாரியைப் போல மீசையைத் தடவிக்கொண்டார். நீதிபதி பேனாவைத் திறந்தார். 'விசாரணைக்குத் தகுதியானவன்' என்று எழுதிவிட்டால், அடுத்தது ஜெயில்தான்.

தம்பியின் வக்கீல் அக்காவிடம் பல்லைக் கடித்தார். "பிறவியிலேயே புத்தி வளரலைன்னீங்களேம்மா? என்னையே தூக்கிச் சாப்பிடுறான்!"

"சார், அதே கேள்விய முன்னபின்ன மாத்திக் கேக்கச் சொல்லுங்க. கடைக்கு அனுப்புறப்ப நானும் இப்படித்தான் மனப்பாடமா சொல்லிக்குடுப்பேன். கடைக்காரர் 'உன் பேரென்ன'ன்னு கேட்டாலும் 'ஒரு கிலோ சர்க்கரை'ம்பான்."

வக்கீல் எழுந்து வேண்டிக்கொண்டார். நீதிபதி மறுபடி கேட்டார்.

"உன் மேல என்ன வழக்கு?"

"எனக்காகப் பேசுறவர்."

"வக்கீல்னா யாரு?"

"தீர்ப்பு சொல்றவர்."

டாக்டரின் கை மீசையிலிருந்து இறங்கியது. நீதிபதி பேனாவை மூடினார்.

தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, எல்லாம் சரியாச் சொன்னேனா?"

"நூத்துக்கு நூறுடா!" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.